பெஞ்சில் யார் உட்காருவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: நாங்கள் சில பெற்றோர்கள் சேர்ந்து 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு கால்பந்து கிளப் தொடங்கப் போகிறோம். கத்தலும் திட்டும் இல்லாமல், பிள்ளைகளை மையமாக வைத்து நடத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

மைதானம், ஜெர்சி, கிளப்பின் பெயர் எல்லாம் பிறகு. தொடங்கப் போகிற நான்கைந்து பேரும் ஒரு மாலை உட்கார்ந்து ஒரே ஒரு சூழ்நிலையை மட்டும் பேசி முடிவெடுங்கள். மேட்ச் முடிய இன்னும் ஐந்து நிமிடம். ஒரு கோல் பின்தங்கி இருக்கிறீர்கள். அணியிலேயே வேகம் குறைவான, பந்து வந்தால் ஒதுங்கி நிற்கிற குழந்தை வெளியே காத்திருக்கிறது. உள்ளே போக வேண்டிய முறை அதற்குத்தான். அனுப்புவீர்களா?

எல்லாரும் "அனுப்புவோம்" என்று சொல்லி, அதை எழுதியும் வைத்துவிட்டால் உங்கள் கொள்கையில் பாதி வேலை முடிந்தது. யாராவது "அன்றைய நிலைமையைப் பார்த்து" என்று இழுத்தால், அதை இப்போதே பேசிவிடுவது நல்லது. "எங்களுக்குப் பிள்ளைகள்தான் முக்கியம்" என்று எழுதி வைக்க எந்தக் கிளப்புக்கும் செலவு கிடையாது. அந்த வாக்கியம் உண்மையா என்பது ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் ஆடியது என்ற கணக்கில் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கும் அது தெரியும். "நீ எங்களுக்கு முக்கியம்" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், மேட்ச் முழுக்க ஓரத்தில் நின்ற குழந்தை வீட்டுக்கு எடுத்துப் போகிற செய்தி வேறு.

எனவே முதல் விதி இப்படி இருக்கட்டும்: 12 வயது வரை, மேட்சுக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும், முடிந்தவரை எல்லாருக்கும் சம நேரம். ஸ்கோர் எதுவானாலும் இது மாறாது. இதை நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். மேட்ச் சூட்டில் நல்ல மனிதர்களுக்கும் கணக்கு மறந்துபோகும். யார் எந்தப் பகுதியில் ஆடுவது என்று முந்தைய நாளே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அன்றைக்கு வந்திருக்கிற ஒரு பெற்றோரிடம் அந்தத் தாளையும் ஒரு கடிகாரத்தையும் கொடுங்கள். நேரம் வந்ததும் அவர் சொல்வார், கோச் மாற்றுவார், அவ்வளவுதான். ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2024-25 பருவத்திலிருந்து சிறு பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கும் ஆட்ட முறையில் இதை ஆட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். மிகச் சிறிய பிள்ளைகளின் ஆட்டத்தில் ஒரு கோல் விழுந்ததும் இரண்டு அணியிலும் வரிசைப்படி ஒருவர் வெளியே வந்து இன்னொருவர் உள்ளே போவார். யாரை வெளியே எடுப்பது என்ற கேள்வியே கோச்சுக்கு வராது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த விதி நடைமுறையில் நிற்க வேண்டுமானால் அணி சிறியதாக இருக்க வேண்டும். ஐவர் ஆட்டம் என்றால் ஒரு அணியில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். 14 பிள்ளைகள் வந்தால் ஏழேழாக இரண்டு அணி போடுங்கள். இன்னொரு கோச் தேட வேண்டியிருக்கும், அது சிரமம்தான். ஆனால் ஒரே அணியில் பதினான்கு பேரை வைத்துக்கொண்டு சம நேரம் தர யாராலும் முடியாது.

நேரத்தைப் போலவே இடத்தையும் பகிர வேண்டும். வளர்த்தியான பிள்ளையை எப்போதும் டிஃபென்ஸில் நிறுத்துவதும், வேகமான பிள்ளையை எப்போதும் முன்னால் விடுவதும், தயங்குகிற பிள்ளையை கோல்கீப்பர் ஆக்குவதும் மேட்ச் ஜெயிக்க உதவலாம். ஆனால் எட்டு வயதில் டிஃபென்ஸில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்குப் பந்தோடு எதிராளியைத் தாண்டிப் போகிற பழக்கம் வராமலே போய்விடும். பத்து, பதினோரு வயது வரைக்கும் எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடட்டும், கோல்கீப்பர் உட்பட. கோலில் நிற்கப் பயப்படுகிற பிள்ளையை மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். முதலில் பயிற்சியில் சில நிமிடம் நின்று பார்க்கட்டும்.

அடுத்து, தேர்வு. சிறு வயதில் திறமைத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிற வழக்கத்தை உங்கள் கிளப் தொடங்கவே வேண்டாம். அந்த வயதில் நாம் "திறமை" என்று பார்ப்பதில் பெரும்பகுதி வெறும் வளர்ச்சி. ஒரே வயதுப் பிரிவில் தொடக்க மாதத்தில் பிறந்த குழந்தைக்கும் கடைசி மாதத்தில் பிறந்த குழந்தைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கிறது. ஏழு வயதில் ஒரு வருடம் என்பது உயரத்திலும் வேகத்திலும் எவ்வளவு என்று பள்ளி வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். பல நாடுகளில், பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: தேர்வு செய்யப்பட்ட இளையோர் அணிகளில் அந்த வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அதிகம். தேர்வானவர்களுக்கு நல்ல கோச், கூடுதல் பயிற்சி, கூடுதல் மேட்ச் என்று எல்லாம் கிடைக்க, அந்த இடைவெளி நிஜமாகவே பெரிதாகிவிடுகிறது. விடுபட்டவர்களில் பலர் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். புகழ்பெற்ற கால்பந்து வீரர் எர்லிங் ஹாலண்ட் வளர்ந்த நார்வேயின் பிரைனே கிளப்பில் ஏறத்தாழ 40 பிள்ளைகள், யாரையும் கழிக்காமல், பல வருடங்கள் ஒரே கூட்டமாகப் பயிற்சி எடுத்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஹாலண்ட் மட்டுமல்ல, வேறு சிலரும் தொழில்முறை வீரர்கள் ஆனார்கள். எல்லாரையும் வைத்துக்கொண்டால் திறமைசாலிகள் மங்கிப்போவார்கள் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அப்போது இதைச் சொல்லலாம்.

நார்வேயைப் பற்றி இன்னும் கொஞ்சம். அந்த நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987 முதலே பிள்ளைகளின் விளையாட்டுக்குத் தனி விதிகள் வைத்திருக்கிறது. ஏறக்குறைய 11 வயது வரை புள்ளிப் பட்டியலும் தரவரிசையும் வெளியிடுவதில்லை. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. எவ்வளவு பயிற்சி எடுப்பது என்பதில் பிள்ளையின் சொல்லுக்கும் இடம் உண்டு. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை (1989) விளையாடும் உரிமையை 31-ஆவது பிரிவிலும், தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 12-ஆவது பிரிவிலும் சொல்கிறது. நார்வே அதை மைதானத்தில் நடைமுறைப்படுத்திக் காட்டியிருக்கிறது. அதே நாடு 2018, 2022 குளிர்கால ஒலிம்பிக் இரண்டிலும் பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிள்ளைகளை அவசரப்படுத்தாவிட்டால் வெற்றி வராது என்ற பயத்துக்கு ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை.

உங்கள் பகுதி லீக்கில் புள்ளிப் பட்டியல் இருந்தால் என்ன செய்வது? சேருங்கள், ஆனால் கிளப்புக்குள் அதைப் பெரிதாக்க வேண்டாம். பிள்ளைகள் ஸ்கோரை எண்ணுவார்கள், ஜெயிக்கத் துடிப்பார்கள், தோற்றால் அழுவார்கள். அதெல்லாம் இயல்பு, அதை அடக்கக் கூடாது. நான் சொல்வது பெரியவர்களைப் பற்றி. ஜெயிப்பதற்காகப் பெரியவர்கள் முடிவுகளை மாற்றக் கூடாது.

ஆட்டத்தின் அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுக் குழந்தையைப் பதினொருவர் ஆட்டத்தில், முழு மைதானத்தில் விட்டால் பந்து காலில் படுவது அபூர்வம். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2012-இல் முடிவு செய்த வரிசை நல்ல வழிகாட்டி: 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐவர் ஆட்டம், 10-க்கு உட்பட்டவர்களுக்கு எழுவர், 12-க்கு உட்பட்டவர்களுக்கு ஒன்பதின்மர், அதற்குப் பிறகே பதினொருவர். ஜெர்மனியில் மிகச் சிறியவர்களுக்கு நான்கு குட்டி கோல்கள் வைத்து இருவர் அல்லது மூவர் ஆட்டம்தான். பந்தும் அப்படியே. 8 வயது வரை 3-ஆம் அளவு, 12 வரை 4, பிறகு 5. ஆளுக்கு ஒரு பந்து என்ற கணக்கில் வாங்குங்கள். கோன், பிப் (அணியைப் பிரித்துக் காட்டும் வண்ண மேலாடை) தவிர வேறு எதற்கும் ஆரம்பத்தில் பெரிய செலவு தேவையில்லை. ஜெர்சிக்கு ஒதுக்கிய பணத்தைப் பந்துக்குத் திருப்பினாலும் சரிதான்.

இப்போது பயிற்சி. ஒரு பயிற்சியை ஓரத்தில் நின்று பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது வரிசை இருக்கிறதா என்பதைத்தான். பத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் கோனைச் சுற்றிப் போய் ஒரு முறை உதைத்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகிற பயிற்சி வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் நடந்தாலும் ஒரு பிள்ளை பந்தோடு இருப்பது சில நிமிடம்தான். மீதி நேரம் சலிப்பு, தள்ளுமுள்ளு, அப்புறம் அதற்குத் திட்டு. வரிசையை எடுத்துவிட்டால் பாதி ஒழுங்குப் பிரச்சினைகள் தானாகப் போய்விடும்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். வரும்போதே ஆட்டம் தயாராக இருக்கட்டும். இரண்டு பேர் வந்தால் ஒருவருக்கு ஒருவர், நான்கு பேர் ஆனதும் இரண்டுக்கு இரண்டு. "எல்லாரும் வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மணி கழித்து அன்றைய விஷயம் ஒன்றை எடுங்கள். ஒன்றே ஒன்று. உதாரணமாக, பந்து வருவதற்கு முன் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பது. அதையும் விளையாட்டாகவே அமைக்கலாம்: நான்கு மூலையிலும் கோல் வைத்து, எந்த கோல் காலியாக இருக்கிறதோ அதில் அடிக்கச் சொன்னால் தலை தானாக நிமிரும். நீங்கள் விளக்க வேண்டியது அரை நிமிடத்துக்குள் முடியும். கடைசிப் பாதி நேரம் மறுபடி ஆட்டம். அதில் விசிலை முடிந்தவரை சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். மைதானத்தைச் சுற்றி ஓட விடும் தண்டனை எந்த வயதிலும் வேண்டாம். ஓடுவதை நேசிக்க வேண்டிய விளையாட்டில் ஓட்டத்தையே தண்டனையாகக் கற்பிக்கிறோம்.

ஆதரவாகப் பேசுவது என்றால் எல்லாவற்றுக்கும் "சூப்பர், சூப்பர்" என்று கைதட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டே வாரத்தில் அதைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்லிப் பாராட்டுங்கள்: "பந்தை இழந்ததும் திரும்ப ஓடி வந்தாய், பார்த்தேன்." தவறு செய்தால் முதலில் ஊக்கம், பிறகு எப்படிச் செய்வது என்ற குறிப்பு, அதுவும் குழந்தைக்குக் கேட்க மனமிருக்கும்போது. தவறான பாஸ் போய் கோல் விழுந்த அந்த நொடியில் எந்தப் பாடமும் ஏறாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற உளவியலாளர்கள் 1970-களிலிருந்து சிறுவர் பேஸ்பால் கோச்சுகளிடம் இதைத்தான் ஆராய்ந்தார்கள். அவர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இப்படிப் பேசப் பழக்கப்பட்ட கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் 5 சதவீதம் பேர்தான் அடுத்த வருடம் விலகினார்கள். மற்ற கோச்சுகளிடம் 26 சதவீதம். கோச்சுகளுக்குக் கொடுத்த பயிற்சி ஒரு சில மணி நேரம்தான். உங்கள் கிளப்பிலும் பருவம் தொடங்குமுன் ஒரு மாலையை இதற்கு ஒதுக்க முடியும்.

அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அமண்டா விசெக் குழுவினர் கால்பந்து ஆடும் பிள்ளைகளிடமே போய், விளையாட்டில் மகிழ்ச்சி தருவது எது என்று கேட்டார்கள். 81 காரணங்கள் சேர்ந்தன. முயன்று ஆடுவது, அணிக்குள் நல்ல உறவு, நல்ல விதமாக நடத்துகிற கோச் ஆகியவை மேலே வந்தன. ஜெயிப்பது 48-ஆவது இடத்தில் இருந்தது. மகிழ்ச்சியும் முன்னேற்றமும் எதிரெதிர் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். பிள்ளைகள் கேட்பது வேடிக்கையை மட்டும் அல்ல, உழைத்து ஆடுவதையும்தான்.

மேட்ச் நடக்கும்போது ஓரத்திலிருந்து வரும் "பாஸ் பண்ணு!", "அடி!", "அங்கே இல்லை, இங்கே!" என்ற குரல்களை நிறுத்துவது கடினமான வேலை, ஆனாலும் செய்ய வேண்டியது. பந்தோடு போகிற பிள்ளை அந்த நொடியில் ஒரு முடிவை எடுத்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து விடை சொல்லிவிட்டால் அது கற்க வேண்டியதை நாம் பறித்துவிடுகிறோம். கோச் சொல்லும் ஒன்றும் பெற்றோர் சொல்லும் இன்னொன்றும் சேர்ந்தால் குழந்தை அப்படியே நின்றுவிடும். கோச்சும் இதில் விலக்கு அல்ல. பேச வேண்டியதை இடைவேளையில் பேசட்டும், அதுவும் கேள்வியாக: "இடது பக்கம் யாராவது காலியாக இருந்தார்களா?"

இதனால்தான் பெற்றோர் கூட்டத்தைச் சேர்க்கைக்கு முன்பே வைக்கச் சொல்கிறேன். கட்டணம் வாங்கிய பிறகு கொள்கையைச் சொன்னால் அது ஏமாற்றமாகத் தெரியும். சம நேரம் தருவோம், அதனால் சில மேட்ச் தோற்போம், ஓரத்திலிருந்து கைதட்டலாம், கட்டளை போடக் கூடாது, நடுவரிடம் வாக்குவாதம் கூடாது என்று நேராகச் சொல்லுங்கள். உடன்படாதவர்கள் வேறு கிளப்புக்குப் போகலாம், அதில் மனவருத்தம் எதுவும் வேண்டாம். பார்ப்பவர்கள் நிற்க எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கோடு போடுங்கள், கோலுக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். வீட்டுக்குப் போகிற வழியைப் பற்றியும் பேசுங்கள். பல பிள்ளைகளுக்கு மேட்சை விடக் கஷ்டமான நேரம் அதுதான். "நீ ஆடுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது" என்பதோடு நிறுத்திவிட்டு, மீதியை அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம்.

கோச்சாக யாரை எடுப்பது? நன்றாக ஆடியவர் நல்ல கோச் ஆவார் என்று நம்பி எடுக்காதீர்கள். ஆறு வயதுக் குழந்தையின் ஷூ கயிற்றைக் குனிந்து கட்டிவிடுகிற பொறுமை முதல் தகுதி. ஆட்ட அறிவை, உங்கள் நாட்டுச் சங்கம் நடத்தும் அடிப்படைப் பயிற்சி வகுப்பில் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் கோபத்தில் பிள்ளைகளை அவமானப்படுத்துகிறவரை, எத்தனை சான்றிதழ் இருந்தாலும், ஒரு முறை எச்சரித்துப் பார்த்த பிறகு வைத்திருக்கக் கூடாது. அவர் நண்பராக இருந்தாலும்.

பாதுகாப்பில் மட்டும் "நாம் எல்லாரும் தெரிந்தவர்கள்தானே" என்ற பேச்சுக்கு இடமே தராதீர்கள். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் எப்போதும் இரண்டு பெரியவர்கள். கோச் குழந்தைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. எல்லாம் பெற்றோர் இருக்கும் குழுவில்தான். பொறுப்பில் வரும் எல்லாருடைய பின்னணியையும் உங்கள் நாட்டு வழிமுறைப்படி சரிபாருங்கள், தொடங்கியவர்கள் உட்பட. பயிற்சி தராத ஒருவரைக் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்து, அவர் பெயரும் எண்ணும் பிள்ளைகளுக்கே தெரியும்படி செய்யுங்கள். படம் எடுத்து வெளியிட எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும்.

மைதானத்தில் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது கோல் கம்பம். நகர்த்தக்கூடிய கோல்கள் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தரையோடு பிணைத்திருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடி ஆடக் கூடாது, "நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னாலும். ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால் அடிக்கும் பயிற்சி, சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 10 வயது வரை ஹெட்டிங்கே கூடாது என்று 2015-இல் அறிவித்தது. இங்கிலாந்து 2020-இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாரையும் உள்ளே அழைத்துப் போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். வார்ம் அப்புக்கு ஃபிஃபாவின் பிள்ளைகளுக்கான 11 பிளஸ் முறையைப் பழகுங்கள். ஏழு பயிற்சிகள், 15 முதல் 20 நிமிடம். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் சோதித்ததில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

நிர்வாகத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. உள்ளூர்ச் சங்கத்தில் பதிவு, காப்பீடு, இருவர் கையெழுத்து தேவைப்படும் வங்கிக் கணக்கு, முதலுதவி தெரிந்த ஒருவர். கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துக்குச் சலுகை கொடுங்கள்; ஆனால் யாருக்குக் கொடுத்தோம் என்பது பொருளாளரைத் தாண்டிப் போகக் கூடாது. பெண் பிள்ளைகளை முதல் நாளிலிருந்தே கூப்பிடுங்கள். ஒரே ஒரு பெண் பிள்ளை வந்தால் பெரும்பாலும் நிற்க மாட்டாள், தோழிகளோடு வந்தால் நிற்பாள். அதனால் இரண்டு மூன்று பேராகச் சேர்த்து அழையுங்கள்.

சோதனை இரண்டாவது வருடத்தில் வரும். உங்கள் நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேரை வேறு கிளப் அழைத்துக்கொள்ளும். சில பெற்றோர் வந்து, "ஒரு வலுவான அணி மட்டும் தனியாகப் போடலாமே, மற்றவர்கள் பழையபடி ஆடட்டும்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வேகமாக முன்னேறும் பிள்ளைக்குச் சவால் வேண்டும் என்பதும் உண்மை. அதற்குப் பயிற்சியில் வழி இருக்கிறது. சில நேரம் ஒத்த திறமை உள்ளவர்களைச் சேர்த்து ஆடவிடலாம், சில நேரம் ஒரு வயது மூத்தவர்களோடு விடலாம், இரண்டு தொடுதலுக்குள் பாஸ் செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு விதி வைக்கலாம். மேட்ச் அணிகள் கலந்தே இருக்கட்டும். போகிறவர்களை வாழ்த்தி அனுப்புங்கள், திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பருவம் முடிந்ததும் கோப்பைகளை எண்ணுவதற்குப் பதிலாக, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த பருவத்துக்குத் திரும்பப் பதிவு செய்தார்கள் என்று எண்ணுங்கள். திரும்பாத ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது ஒருவர் போன் செய்து காரணம் கேளுங்கள். பிள்ளைகளிடமும் பெயர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி கேளுங்கள்: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எப்போதாவது பயமாக இருந்ததா? மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்று ஒரே ஒரு சீட்டு வந்தாலும் புதுச் சேர்க்கையைத் தள்ளிவைத்துவிட்டு அதை விசாரியுங்கள்.